கஜா உடைத்த ஷீட்டுகளை நாமும் உடைக்க வேண்டாம்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். அன்று சொல்ல விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டத்தின் மூன்றாவது தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் தெரு முனையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தை ஐப்பசி மழைக்கு முன் மேடாக்க வேண்டும். அதற்குப் பம்ப் அறைக்குப் பின்னால் காலி மனையில் கிடக்கிற உடைந்த சிமென்ட் ஷீட்டுகளை நொறுக்கிப் போட்டு, மேலே ஒரு லோடு கிராவல் அடித்தால் போதும். குப்பையும் ஒழியும், பள்ளமும் தூரும், செலவும் குறையும். எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அந்தக் கையை இறக்கிக்கொள்ளத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த ஷீட்டுகள் அங்கே எப்படி வந்தன என்பது நமக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறி, நம் மாவட்டத்தின் வழியாக மேற்கே போனது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நம் நகரில் மரங்கள் விழுந்ததைவிட மொட்டை மாடிக் கொட்டகைகளும் கார் நிறுத்தும் இடத்துக் கூரைகளும் பறந்ததுதான் அதிகம். விடிந்ததும் தெருவெல்லாம் சாம்பல் நிறச் சில்லுகள். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. அவரவர் வாசலைப் பெருக்கி அந்தக் காலி மனையில் கொட்டினோம். நான் தென்னந்துடைப்பத்தால் என் மாடியைக் காய்ந்த தரையிலேயே கூட்டினேன். முகத்தில் துண்டுகூடக் கட்டவில்லை. பொதுப்பணியில் ஓவர்சியராக முப்பது வருஷம் இருந்தவன் செய்த காரியம் அது.

அந்த ஷீட்டில் சிமென்ட் மட்டும் இல்லை. நாம் ‘ஆஸ்பெட்டாஸ்’ என்று வாய்க்கு வந்தபடி சொல்கிற பெயர், அதில் கலந்திருக்கும் ஒரு கனிமத்தின் பெயர். தமிழில் கல்நார் என்பார்கள். சரியான பெயர்தான். கல்லாக இருக்கிறது, பிரித்தால் நாராக வருகிறது. சிமென்டுக்குள் வைக்கோல் போட்ட மண்சுவர் மாதிரி, இந்த நார் ஷீட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் ஊர் ஷீட்டுகளில் எடையில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு வரை வெள்ளைக் கல்நார் இருக்கும். ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால் தூசியாக வெளியே வரும்.

அந்த நார் தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, இருமல்கூட உடனே வராது. மூச்சில் போய் நுரையீரலின் அடியில் தங்கினால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்கிற புற்றுநோய், இவை எல்லாம் 20, 30, 40 வருஷம் கழித்துத் தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெள்ளை, பழுப்பு, நீலம் என எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. புகை பிடிப்பவருக்கு இதோடு சேர்ந்தால் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும்.

1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்றது. எந்த நோய்க்கு நாற்பது வருஷக் கணக்கு வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் தளத்தில் நின்று ஷீட் அறுக்கச் சொன்ன பையன்களுக்கு இன்று அறுபது வயது இருக்கும். ஆக்சா பிளேடால் அறுக்கும்போது வெள்ளையாகப் பறக்கும். ‘மாவு மில்லா வச்சிருக்கீங்க’ என்று கேலி செய்வோம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முழு ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பதாலேயே யாருக்கும் நோய் வந்துவிடாது. அந்தத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்த ஆலைத் தொழிலாளிக்கும், மாதத்தில் ஒரு நாள் மாடி ஏறுகிற நமக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல. ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு சுவாசித்தால் கெடுதல் இல்லை என்று எவரும் வரம்பு சொல்லவில்லை. காலி மனையில் அன்றாடம் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுக்கு முன்னால் இன்னும் அறுபது, எழுபது வருஷம் இருக்கிறது. அதனால்தான் நொறுக்க வேண்டாம் என்கிறேன். பள்ளத்தில் போட்டாலும் கிராவல் நிலையாக நிற்காது. அடுத்த கோடையில் டூ வீலர் ஏறி ஏறி மேலே வந்துவிடும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறவர் கடப்பாரையால் மறுபடியும் கிளறுவார்.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, ‘எங்கள் மாடியில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸா, வேறா?’ என்பதுதான்.

முதலில் தட்டிப் பாருங்கள். தகரம், கலர் ஷீட் என்றால் கணீரென்று சத்தம் வரும், காந்தம் ஒட்டும் (அலுமினியத்தில் மட்டும் ஒட்டாது). ஃபைபர், யு.பி.வி.சி. என்றால் விரலால் அழுத்தினாலே வளையும். சாம்பல் நிறம், அலை அலையான மடிப்பு, சுமார் 6 மில்லிமீட்டர் கனம், 1.05 மீட்டர் அகலம், தட்டினால் மந்தமான ஓசை, ஜே போல்ட்டும் தார் வாஷரும் போட்டு முறுக்கியது என்றால் சிமென்ட் ஷீட். பழைய ஷீட்டின் முனையில் முத்திரை தெரிந்தால் தேடுங்கள். ஐ.எஸ். 459 என்று இருந்தால் அது கல்நார் சேர்ந்த ஷீட்டுக்கான இந்தியத் தர எண். கல்நார் இல்லாத நார் சிமென்ட் ஷீட்டுகளும் இப்போது கிடைக்கின்றன, பார்க்க அதே மாதிரி இருக்கும். முத்திரையும் இல்லை, பில்லும் இல்லை, பழையது என்றால் கல்நார் ஷீட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்வதற்காக ஒரு மூலையை உடைத்துப் பார்க்காதீர்கள். ஏற்கனவே உடைந்த விளிம்பில் நரைமுடி போல நார் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தால் போதும். உறுதியாகச் சொல்வது நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தின் வேலை.

கூரை மட்டும் அல்ல. பழைய வீடுகளில் கழிவறையிலிருந்து மேலே போகும் சாம்பல் நிறக் காற்றுக் குழாய், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், சில வீடுகளில் சமையலறைப் புகைபோக்கி, இவையும் அதே சிமென்டில் செய்தவை. பள்ளி லேபில் பர்னருக்கு மேல் வைப்பார்களே, நடுவில் வெள்ளை வட்டம் போட்ட கம்பி வலை, அந்தக் காலத்தில் அந்த வட்டமும் கல்நார்தான். சின்னச் சாமான்கள், எடுத்து ஓரமாக வைத்தால் முடிந்தது.

அடுத்து, வெயிலுக்காகக் கூரைக்கு அடியில் கொடுத்திருக்கும் பொருள். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சு, மேலே வெள்ளிக் காகிதம் ஒட்டியது என்றால் கண்ணாடிப் பஞ்சு. தொட்டால் அரிக்கும், கண்ணில் விழுந்தால் எரியும், ஆனால் அது கல்நார் அல்ல. வெள்ளை மணி மணியாக உதிர்வது தெர்மோகோல். அதில் பயம் தீதான். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். அடுப்புக்கும் வயரிங்குக்கும் பக்கத்தில் வேண்டாம். பலகை மாதிரி வெள்ளையாக இருக்கும் ஜிப்சம் சீலிங்கில் கவலை இல்லை. பழைய ரைஸ் மில்லிலோ, பாய்லர் வைத்திருந்த இடத்திலோ குழாய்மேல் கட்டியிருக்கும் சாம்பல் நிறக் கயிறும் பூச்சும்தான் உண்மையில் மோசமானவை. அவற்றில் சிமென்டின் பிடிப்பு இல்லை, கை பட்டாலே உதிரும். அப்படி ஒரு இடம் உங்கள் பொறுப்பில் இருந்தால் பூட்டிவிட்டு, விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் பாட்டன் வீடுகளில் மேலே போட்டிருந்தது என்ன என்றும் ஒருவர் கேட்டார். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும், நம் டவுனில் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். மேலே தட்டு ஓடு. அதில் கல்நார் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குள் மத்தியானம் படுத்துத் தூங்கியவருக்குத் தெரியும் அது என்ன குளிர்ச்சி என்று. அதை இடித்துவிட்டு மேலே ஷீட் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், நானே எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தளத்தை இடிக்கும்போதும் நனைத்துவிட்டு இடியுங்கள். செங்கல் தூசியில் இருக்கும் சிலிக்காவும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அங்கே பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிருக்காகக் கூரைக்குள் நிரப்பிய பொருளைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கான்பெராவில் 1960, 70களில் ஒரு ஆள் சிமென்ட் எதுவும் கலக்காத கல்நார்ப் பஞ்சையே வீடுகளின் கூரைக்குள் ஊதி நிரப்பிக்கொடுத்தார். ‘மிஸ்டர் ஃப்ளஃபி’ வீடுகள் என்று பெயர். பிற்பாடு அரசு செலவு செய்து சுத்தம் பண்ணியும் நார் சுவர்களுக்குள் மிச்சமிருந்தது. கடைசியில் 2014இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே விலைக்கு வாங்கி இடிக்கும் திட்டம் போட வேண்டியதாயிற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் சோனோலைட் என்ற பெயரில் விற்ற வெர்மிகுலைட், கூழாங்கல் மாதிரி பழுப்பும் வெள்ளியுமாக மின்னும். அதன் பெரும்பகுதி மோன்டானாவில் லிப்பி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்தது. அதோடு கல்நாரும் வந்தது. 1990க்கு முந்தைய வீட்டில் அது இருந்தால் கை வைக்காமல் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் கல்நார் வெட்டி எடுப்பது நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் இறக்குமதி செய்து ஷீட் செய்வதும் விற்பதும் சட்டப்படி நடக்கிறது. இலங்கை 2018 முதல் இறக்குமதியைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. ரஷ்யாதான் கல்நாரையும் விற்கிற நாடு. இலங்கை தடையைக் கைவிட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நம் மாநிலத்திலும் ஒரு நல்ல அறிகுறி உண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஓலைக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அனுமதி கிடையாது.

சரி, கூரை இருக்கிறது, மாற்றப் பணம் இல்லை, என்ன செய்வது? விரிசல் இல்லாமல், முழுசாக, உதிராமல் இருந்தால் அப்படியே விடுங்கள். எடுப்பதைவிட விட்டுவைப்பதே மேல். பாசி பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், பிரஷர் வாட்டரும் அடிக்காதீர்கள். வெளிப்பூச்சுக் கரைந்து நார் வெளியே வருவது அப்படித்தான். பூவாளியால் நனைத்து, பிரைமர் கொடுத்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். நாரும் அமுங்கும், உள்ளே வெக்கையும் குறையும். அடிப்பக்கமும் ஒரு கோட் நல்லது. ஃபேன் மாட்ட, கேபிள் இழுக்க ஷீட்டில் துளை போடாதீர்கள், குழாயில் கம்பியைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் குப்பையோ சருகோ எரிக்க வேண்டாம், சூடேறினால் இந்த ஷீட் பட்பட்டென்று வெடித்துச் சிதறும். அதன்மேல் விழும் மழைநீரைத் தோட்டத்துக்கு விடுங்கள், குடிக்கச் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, இதில் புற்றுநோய் வருவதற்கு முன்னாலேயே உயிர் போக வழி இருக்கிறது. பழைய ஷீட்மேல் ஏறி நடக்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், காலை வைத்தால் அப்பளம். பெயின்ட் அடிக்கிறவரானாலும் சரி, பந்து எடுக்க ஏறும் பையனானாலும் சரி, பலகையும் கயிறும் இல்லாமல் ஏற விடாதீர்கள்.

உடைந்துபோய் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் நன்றாக நனையுங்கள். ஒரு சொட்டு டிஷ் வாஷ் சோப்பு கலந்தால் தண்ணீர் உள்ளே ஊறும். போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள், வராவிட்டால் போல்ட்டை அறுங்கள், ஷீட்டை அறுக்காதீர்கள். முழுசாகக் கையில் வாங்கி இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். துணி மாஸ்க்கால் பயனில்லை. கொரோனாக் காலத்து என்95 துணியைவிடப் பரவாயில்லை, ஆனால் வெளிநாடுகளில் இந்த வேலைக்கு அதையும் போதாது என்கிறார்கள். பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 என்று கேட்டு வாங்க வேண்டும். காய்ந்த துடைப்பம் கூடாது, வீட்டு வேக்குவம் கிளீனரும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வேலை செய்த உடுப்பை வீட்டார் துணியோடு போட வேண்டாம். வெளிநாடுகளில் ஆலைக்கே போகாத மனைவிமார்களுக்கு, கணவரின் சட்டையைத் துவைத்தே இந்த நோய் வந்திருக்கிறது.

பழைய ஷீட்டை யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டார்கள். இதற்கு எனக்கே தெளிவான பதில் இல்லை. நம் வீட்டில் வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள், ஆட்டுக்கொட்டகைக்கு என்பார்கள். கஜாவுக்குப் பிறகு தார்ப்பாய்க்கு அடியில் மாதக்கணக்கில் இருந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டு, முழு ஷீட்டைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தால், அறுக்காமல் துளை போடாமல் மாட்டச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு லிட்டர் பெயின்ட்டும் சேர்த்துக் கொடுங்கள். உடைந்ததை மட்டும் யாருக்கும் தராதீர்கள். சாக்கடை மூட, பாத்தி கட்ட, கோழிக்கூட்டுக்கு என்று எதற்கும்.

காலி மனைக் குவியலுக்கு நான் முன்வைத்த மாற்றுத் தீர்மானத்தை அன்று ஏற்றுக்கொண்டீர்கள், நன்றி. பள்ளத்துக்கு கிராவல் மட்டும். கூடுதலாகும் தொகை வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று பொருளாளர் கணக்கிட்டுத் தருகிறார். குவியலை எங்கே, எப்படி அப்புறப்படுத்துவது என்று எழுத்தில் கேட்டு மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் சங்கத்தின் பெயரில் மனு கொடுக்கிறோம். இந்த மாதிரிக் கழிவைப் புதைப்பதற்கென்று கும்மிடிப்பூண்டியில் ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இருபது, முப்பது ஷீட்டுக்காக அவ்வளவு தூரம் லாரி விடுவது நம்மால் தனியாக ஆகிற காரியமல்ல. பதில் வரும்வரை யாரும் அதிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்க வேண்டாம், புதிதாகக் கொண்டுவந்து போடவும் வேண்டாம்.

இந்த இதழ் வந்த அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், குவியலை நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கல் வைத்துக் கயிறு கட்டப் போகிறோம். பம்ப் அறைக் குழாயில் ஹோஸ் போட்டுக்கொள்ளலாம். தார்ப்பாய் இரண்டு என்னிடம் இருக்கிறது, கஜாவில் வாங்கியது. இன்னும் இரண்டு வேண்டும். நாலு பேர் போதும், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களாக வந்தால் நல்லது. பிள்ளைகளை அன்று காலை அந்தப் பக்கம் விடாதீர்கள்.